ஒன்றாம் நம்பர் வெளிச்சம்

என் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று என்று போட்டிருந்தால் அது நல்ல வெளிச்சம். ஐந்து என்று போட்டிருந்தால் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தேட வேண்டும். எல்லா மண்டபத்து லைட் போர்டிலும் இது நேர்மாறு என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். நான் மாற்றவில்லை.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் எனக்கு வேலை. பாலை உறைய வைத்து, ஷீட்டாக அழுத்தி, புகை போட்டுக் காய வைக்கும் இடத்தைத்தான் ஸ்டோர் என்போம். புகையிலிருந்து வந்த ஷீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும். சுத்தமாக, தேன் மாதிரி தெரிந்தால் ஒன்றாம் நம்பர். கருக்கக் கருக்க இரண்டு, மூன்று என்று இறங்கி, கடைசியாக ஐந்து. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணக்கில் எனக்கு ஓடியது இந்த ஐந்து எண்தான். அதில் ஒரு தடவைகூட நான் பிசகியதில்லை.

எழுபதுகளில் தோட்டத்துப் பள்ளிக்கு வந்த வாத்தியார் ஒருவர் நாடகம் போட ஆரம்பித்தார். பெண் வேஷத்துக்குப் பெண்களே வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, யாரிடமும் கேட்காமல் என் பெயரைத் தாயார் வேஷத்துக்கு எழுதிவிட்டார். நாலு பேர் முன்னால் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஒத்திகை நாளன்று மேடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஒளிந்த இடத்தில்தான் அந்த ஆறு குழாய்களும் நின்றன.

தோட்டத்து ஒயர்மேன் செய்து வைத்தவை அவை. சாக்கடைக்குப் போடும் மண் குழாய், இடுப்பு உயரம், அடியில் சிமெண்டு பூசி அடைத்து, உள்ளே உப்புத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் ஓர் ஈயத் தகடு. மேலே கயிற்றில் இன்னொரு தகடு தொங்கும். கயிற்றை விட்டுத் தகட்டை இறக்கினால் மேடையில் விளக்கு கூடும், இழுத்தால் குறையும். ஒரு குழாய்க்கு ஒரு விளக்கு. ஏற்கனவே இரண்டு ஆண்பிள்ளைகளை மின்சாரம் தூக்கி அடித்திருந்ததால் கிட்டே வர யாரும் தயாராக இல்லை. என்னிடம் ஸ்டோரில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் இருந்தது. காலடியில் கழித்துப் போட்ட ஷீட்டுகளைப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கி அதன்மேல் ஏறி நின்றுகொண்டேன். அன்றிலிருந்து அது என் இடம். யாரும் போட்டிக்கு வரவில்லை.

அந்தக் குழாய்களில் ஒரு தொல்லை உண்டு. நாடகம் தொடங்கி அரை மணி நேரத்தில் தண்ணீர் சூடாகிவிடும். சூடானால், கயிறு அதே முடிச்சில் நின்றாலும் விளக்கு இன்னும் பளிச்சென்று எரியும். எந்தக் காட்சிக்கு எந்த முடிச்சு என்று ஒயர்மேன் எழுதி வைத்த தாள் ஒரு நாளைக்கு ஆகும், மறுநாளைக்கு ஆகாது. நான் முடிச்சை எழுதுவதை விட்டுவிட்டேன். ஒரு சாண் ஒன்றாம் நம்பர் ஷீட்டை வெட்டி வைத்துக்கொண்டு, ஒத்திகையில் நடிப்பவர் நிற்கும் இடத்தில் போய் நின்று, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். எவ்வளவு நல்ல ஷீட்டிலும் ஊசிமுனைக் குமிழி நாலைந்து இருக்கும், அதை எண்ண முடிந்தால் ஒன்று. குமிழி மறைந்து, உருளை பதித்த வரி மட்டும் தெரிந்தால் இரண்டு. வரியும் போய்த் தேத்தண்ணீர் நிறம் மட்டும் இருந்தால் மூன்று. அடுப்புத் தணல் மாதிரி சிவந்தால் நான்கு. அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் பட்டால் ஐந்து. இதைத்தான் நோட்டில் எழுதினேன். நாடகம் ஓடும்போது திரையோரத்தில் நின்று அதே துண்டால் பார்த்துக் கயிற்றைச் சரி செய்வேன். தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் மூன்று மூன்றாகவே இருந்தது.

இனி ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் வீட்டு விஷயம்.

என் வீட்டுக்காரர் செத்துப் போனது ஒரு விடியற்காலை. அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கல்யாணம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இரண்டு முழம் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் பூ கட்டும் பேச்சு, பலகாரம் சுடும் வாசனை எல்லாம் இந்தப் பக்கம் வரும். ஒரு கிழவர் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "தாலி ஏறட்டும் ஆத்தா. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதே. அந்தப் புள்ளைக்கு ஆகாது." நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலையும் சாத்தி, தலைமாட்டில் விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டில் கேஸ் விளக்கைத் தூக்கி மாட்டியிருந்தார்கள். அந்த வெளிச்சம் சுவருக்கு மேலே வந்து அவருடைய பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் விழுந்தது. முகத்துக்கு எட்டவில்லை. கெட்டிமேளம் கேட்கும்வரை அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பல வருஷம் கழித்து வாத்தியார் யார் மூலமோ இதைக் கேள்விப்பட்டு, நாடகமாக எழுதட்டுமா என்று கேட்டார். மேடையில் ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் சாவு வீடு, நடுவில் பாதிச் சுவர். நான் தலையாட்டினேன். "வெளிச்சம் மட்டும் நான்தான் போடுவேன்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

தோட்டத்தில் அந்த நாடகம் நன்றாக நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிரம்பான் மண்டபம் ஒன்றில் போடக் கூப்பிட்டார்கள். அங்கே குழாயும் இல்லை, கயிறும் இல்லை. கம்ப்யூட்டர் போர்டு. ஒவ்வொரு காட்சிக்கும் எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று ஒரு தடவை வைத்துவிட்டால், அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் போதும். நான் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். அங்கிருந்தவர் நான் சொல்லச் சொல்ல ஏற்றி இறக்கி வைத்தார். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு சதுரமான பிளாஸ்டிக் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தார். எங்கள் நாடகத்தின் வெளிச்சம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது என்றார்கள். வாத்தியார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

அடுத்த தடவை மந்தினுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மண்டபம் ஒன்றில் நாடகம் என்று முடிவானது. முந்தின நாள் வாத்தியார் ஸ்டோருக்கே வந்தார்.

"யக்கா, இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்ல. எல்லாம் டிஸ்குல ஏறிப்போச்சு. நோட்டை மட்டும் குடுங்க, ஒரு பாதுகாப்புக்கு."

"நான் வரலயா சார்?"

"எதுக்குக்கா? அங்க ஆள் இருக்காங்க. டிஸ்கைச் சொருகினா அதுவே போடும்லா."

எத்தனையோ சொல்ல வேண்டும் என்று இருந்தது.  நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு கையில் இருந்த ஷீட்டை எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றிருந்தேன். அது என் புருஷன் செத்த வீட்டு வெளிச்சம். அதை எப்படி யாரோ ஒருவர் டிஸ்கைச் சொருகிப் போடுவது?

சனிக்கிழமை காலை வேலைக்குப் போனேன். பத்து மணிக்குப் பேரேடு எழுதும் கிராணியிடம் போய் வயிற்று வலி என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே பொய் அதுதான். துண்டு ஷீட்டைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு ரந்தாவ் வந்து பஸ் ஏறினேன். தனியாக நான் சிரம்பானைத் தாண்டிப் போனதில்லை. சிரம்பானில் மந்தின் பஸ் எது என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியதை முதலில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்று தடவையும் கேட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து ஸீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புகை வாடை. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, கருவாடா?"

"ரப்பரு."

"பஸ்ஸுக்கு ட்யூபா?" என்று அவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். நான் பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மண்டபத்துக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடையைப் பார்த்தேன். கல்யாண வீடு கும்மிருட்டு. மாப்பிள்ளை பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம், பேன் பார்க்கலாம் போல. பிணமாகப் படுத்திருந்த எங்கள் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், செத்தவனுக்கே கண்ணு கூசுதுய்யா! இந்த வெளிச்சத்துல படுத்தா நான் உயிரோட எந்திரிச்சு ஓடிருவேன்லா!"

போர்டு இருந்த அறை பின்னால் மேலே இருந்தது. அங்கே வாத்தியாரும் மண்டபத்து லைட்காரரும் நின்றார்கள். லைட்காரர் ரஹாங்கிலிருந்து வேலைக்கு வருபவர், முப்பத்தைந்து வயது இருக்கும், காதில் பேனா. நடந்தது அவர்கள் பேச்சிலேயே புரிந்தது. டிஸ்க் திறக்கவில்லை.

"சார், அது வேற கம்பெனி போர்டு, இது வேற கம்பெனி. அதுல எழுதினது இதுக்குப் படிக்கத் தெரியாது. இது டிஸ்க் மேல குத்தம் இல்ல, எம்மேலயும் குத்தம் இல்ல."

"அப்ப நோட்டைப் பார்த்துப் போட்டீங்களே?"

"நோட்டுல சாவு வீடு அஞ்சுன்னு இருக்கு. அஞ்சுக்கு அஞ்சு, ஃபுல்லா வச்சேன். கல்யாண வீடு ஒண்ணுன்னு இருக்கு, ஆகக் கம்மியா வச்சேன். எழுதினவங்க என்ன நெனச்சு எழுதினாங்களோ!"

அப்போதுதான் வாத்தியார் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் எப்படி வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

"பாருங்கக்கா! எல்லாத்தையும் தலைகீழா எழுதி வச்சிருக்கீங்க. மானம் போகுது. உக்காந்து நம்பரை எல்லாம் மாத்தி எழுதிக் குடுங்க."

"மாத்த மாட்டேன் சார்."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.  ஆனால் வாயைத் திறந்துவிட்டேன், இனி மூடி என்ன ஆகப் போகிறது?

"நான் எழுதினது சரியா இருக்கு. ஒண்ணுன்னா ஒசத்தி. எங்க ஸ்டோர்ல போய்க் கேளுங்க, ஒண்ணாம் நம்பர் ஷீட்டுன்னா எதுன்னு. படிக்கத் தெரியாதவங்க படிச்சுட்டு என்னைச் சொல்லாதீங்க."

வாத்தியாரைப் பார்த்து, படிக்கத் தெரியாதவர் என்று. நாலாம் வகுப்புக்காரி. லைட்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பிறகு சமாதானமாக, "சரி ஆன்ட்டி, ஈஸிதான். ஒண்ணு ஃபுல்லு, அஞ்சு இருபது பெர்சென்ட்டு, நடுவுல அளந்து பிரிச்சு விடுறேன். அஞ்சு நிமிஷ வேலை" என்று தட்டினார். கல்யாண வீடு எரிந்தது. சாவு வீடு அடங்கியது. வாத்தியார் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

நான் மேடைக்கு இறங்கிப் போனேன். மண்டோர் தலைமாட்டில் நின்று பொட்டலத்தைப் பிரித்து, ஷீட்டை விளக்குக்கு எதிரே பிடித்தேன். ஐந்து என்று அவர் வைத்த இடத்தில் வரி வரியாகத் தெரிந்தது. இங்கே ஒவ்வொரு விளக்கும் எங்கள் தோட்டத்து பல்பைப்போல் பத்து மடங்கு. அதில் இருபது என்றால் எனக்கு இரண்டாம் நம்பர்.

"இது ரெண்டு!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு மண்டபம் கேட்கக் கத்தினேன்.

"என்னாது ரெண்டு?"

"இங்க வந்து பாரு தம்பி."

அவர் இறங்கி வந்தார். ஷீட்டை வாங்கி முகர்ந்து முகத்தைச் சுளித்து, பிறகு கண்ணுக்கு நேரே பிடித்தார். மேலே வாத்தியார் எண்ணைச் சொல்லிக்கொண்டே வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கக் குமிழி போவதையும், வரி போவதையும், தணல் மாதிரி ஆவதையும் காட்டினேன்.  லைட்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்து நோட்டில் ஐந்துக்கு நேரே ஆறு என்று எழுதினார். இருபது இல்லை, ஆறு. அடுத்த விளக்கில் அதே ஐந்து ஒன்பதில் வந்தது. அடுத்ததில் நாலில்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே ஆன்ட்டி. அப்ப நாடகத்துல வர்ற நாப்பது லைட் மாத்தத்தையும் இப்படியே பாக்கணுமா?"

"பாக்கணும்."

"மணி மூணு ஆச்சு. ஆறு மணிக்கு ஷோ."

"அப்ப ஏன் பேசிக்கிட்டு நிக்கிறே?"

மண்டோர் படுத்தபடியே, "அடேங்கப்பா, இந்தக்காவுக்கு வாய் இருக்குதுடா!" என்றார். நான் அவரைச் சாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணக் காட்சிகளை அவசரமாக முடித்தோம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கல்யாணம் தாங்கும். சாவு வீட்டில் ஒன்றைக்கூட விடவில்லை. சுவருக்கு மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஏற்ற விளக்கே அங்கே இல்லை. லைட்காரர் ஏணி போட்டு ஏறி, வேறு எதற்கோ மாட்டியிருந்த ஒன்றைத் திருப்பினார். முகத்தில் விழுந்தது. இறக்கச் சொன்னேன். வயிற்றில் விழுந்தது. இன்னும் இறக்கச் சொன்னேன். முழங்காலோடு நின்றபோது அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏணியிலிருந்து, "போதுமா, போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்றை மட்டும் போர்டில் பதியவில்லை. கடைசிக் காட்சி. செத்தவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாவு வீடு மூன்றிலிருந்து ஐந்துக்கு மெல்ல இறங்கும். சுவருக்கு மேல் வெளிச்சம் மட்டும் நிற்கும். அதன் பிறகு கல்யாண வீடு ஒன்றுக்கு ஏறும். அந்த ஒன்றுதான் திரையோரத்தில் நிற்கும் மேளக்காரருக்குச் சாடை. அது வந்தால்தான் அவர் கெட்டிமேளம் தட்டுவார், மனைவி வாயைத் திறந்து அழுவாள். எத்தனை செகண்டில் இறங்க வேண்டும் என்று லைட்காரர் கேட்டார். தெரியாது, அதை நான் கையால்தான் செய்வேன் என்றேன். கையால் தள்ளும் நெம்பு ஒன்றை அதற்கென்று எனக்கு விட்டுக் கொடுத்தார்.

ஆறு மணிக்கு ஆரம்பிக்கவில்லை. தலைமை தாங்க வேண்டிய பெரியவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். வந்தவருக்கு மாலை, பொன்னாடை, பேச்சு. நாடகம் நடக்கும்போதே அவருடைய ஆட்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. சாவு வீட்டை மூன்றிலிருந்து இறக்கத் தொடங்கினேன். வாத்தியார் படியேறி மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"யக்கா, பெரியவர் கெளம்பணுமாம். சட்டுனு முடிங்க. கல்யாண வீட்டைப் போட்டுடுங்க, மேளம் அடிச்சிரட்டும்."

நான் நெம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யக்கா, காதுல விழுதா?"

"விழுது."

"அவரு எந்திரிச்சு நிக்கிறாருக்கா!"

"நிக்கட்டும்."

"நாளைக்கு நமக்கு மண்டபம் குடுக்கிறதே அவருதான்..."

"சார், தாலி இன்னும் ஏறல."

 அந்த வார்த்தையை நாடகத்தில் எழுதியவர் வாத்தியார்தான். லைட்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரமாக, போர்டுக்கும் வாத்தியாருக்கும் நடுவில் போய் நின்றார். நான் சொல்லவில்லை, அவராகவே.

நான்குக்கு வந்தது. கீழே அந்தப் பெரியவர் கிளம்பவும் முடியாமல், இருட்டில் வழி தெரியாமல் நின்றார். அவரைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். மற்ற எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பொம்பளை, "ஒக்காருங்களேன், மறைக்குது" என்றாள். அவர் உட்கார்ந்தார். நான் ஐந்துக்கு இறக்கினேன். மேடையில் முழங்கால் வரைக்கும் இரண்டு கால் மட்டும் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.  எனக்குப் போதும் என்று பட்ட பிறகுதான் கல்யாண வீட்டை ஏற்றினேன். கெட்டிமேளம் முழங்கியது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது லைட்காரர் ஒரு புது டிஸ்கை எடுத்துப் போர்டில் சொருகினார்.

"எல்லாத்தையும் ஏத்திக் குடுத்திடுறேன் ஆன்ட்டி. கடைசி சீனுக்கு நான் மணி பார்த்தேன். அதையும் சேர்த்துப் பதிஞ்சிடவா? அடுத்த தடவை யார் வேணும்னாலும் தட்டலாம்."

"மத்ததெல்லாம் பதிஞ்சுக்கோ தம்பி. அதைப் பதியாதே."

"ஏன் ஆன்ட்டி?"

நான் வாத்தியாரைப் பார்த்துப் பதில் சொன்னேன். "அதுக்கு நான் வருவேன்."

வாத்தியார் கையில் என் நோட்டு இருந்தது. நான் கையை நீட்டினேன். அவர் கொடுத்தார்.